மலைச் சாலை புகட்டும் படிப்பினை

கல்விச் சுற்றுலா என்னும் பெயரால் ஆண்டுதோறும் நம் பள்ளிப் பிள்ளைகள் கோடைக்கானலுக்கு அழைத்துச் செல்லப்படுகின்றனர். வத்தலக்குண்டைக் கடந்ததும் பேருந்து மலையேறத் தொடங்குகிறது. பாட்டும் சிரிப்புமாய்ப் பிள்ளைகள் மேலே சென்று சேர்கின்றனர். 1863-ஆம் ஆண்டில் மதுரை மாவட்ட ஆட்சியராயிருந்த லெவிஞ்ச் என்பார் அமைத்த ஏரியில் படகேறுகின்றனர். கோக்கர் நடைபாதையில் நின்று பள்ளத்தாக்கை நோக்குகின்றனர். தூண் பாறைகளின் முன் நின்று படம் பிடித்துக் கொள்கின்றனர். செண்பகனூரில் 1895-ஆம் ஆண்டு முதல் இருந்துவரும் அருங்காட்சியகத்தில் பாடஞ்செய்து வைக்கப்பட்டுள்ள பறவைகளையும் விலங்குகளையும் பார்க்கின்றனர். திரும்பும்போது வீட்டாருக்கென்று சாக்லெட்டும் யூகலிப்டஸ் தைலமும் வாங்கிக் கொள்கின்றனர். இவற்றில் குறைகாண ஒன்றுமில்லை. இறைவன் படைத்த மலையையும் மேகத்தையும் கண்டு பிள்ளை உள்ளம் மகிழ்வது நல்லதே.

ஆயினும், அம்மலையில் பிள்ளைகள் அறியாமலே விட்டுவரும் காட்சி ஒன்று உண்டு. அது ஒரு சாலை. கோடைக்கானலிலிருந்து ஏறத்தாழ 20 கிலோமீட்டர் தொலைவில், சோலைக்காடுகளுக்கு நடுவே பேரிஜம் ஏரி அமைந்துள்ளது. வனத்துறையின் அனுமதி பெற்று அங்குச் செல்லும் மாணவர்களும் உளர். தாங்கள் வந்த சாலை ஏரியோடு முடிந்துவிடவில்லை என்பதையோ, அது எதன்பொருட்டுச் செப்பனிடப்பட்டது என்பதையோ அவர்களுக்கு எடுத்துச் சொல்வார் அரியர். அச்சாலை மேற்கு நோக்கிச் சென்று, வந்தரவு முடிக்கருகில் 8,000 அடிக்கும் மேற்பட்ட உயரத்தைத் தொட்டு, டாப் ஸ்டேஷன் வழியாக மூணாற்றை அடைந்தது. அதன் நீளம் ஏறத்தாழ 80 கிலோமீட்டர். 1990-ஆம் ஆண்டில் அது போக்குவரத்துக்கு மூடப்பட்டது. ‘எஸ்கேப் ரோடு’ என்பது அதற்கு வழங்கிய பெயர். தப்பிச் செல்லும் சாலை என்று அதற்குப் பொருள்.

யார் தப்பிச் செல்வதற்கு? யாரிடமிருந்து? இவ்விரு வினாக்களையும் நம் பிள்ளைகள் கேட்க வேண்டும். அவற்றுக்கு விடை சொல்லும் சிறியதோர் அருங்காட்சியகம் அம்மலையில் அமைய வேண்டும். அத்தகைய இடத்திற்கு மாணவர்களை எவ்வாறு அழைத்துச் செல்ல வேண்டும் என்பதை ஆசிரியர்களும் பெற்றோர்களும் சிந்திக்க வேண்டும். இதுவே இங்கு நாம் கூற விழைவது.

1942-ஆம் ஆண்டின் அச்சம்

இரண்டாம் உலகப் போரில் 1942-ஆம் ஆண்டின் முதற்பகுதி தென்னாட்டுக்குப் பேரச்சம் விளைத்த காலம். பிப்ரவரி 15-ஆம் நாள் சிங்கப்பூர் ஜப்பானியரிடம் சரணடைந்தது. மார்ச் 8-ஆம் நாள் இரங்கூன் வீழ்ந்தது. அதே மாதம் 23-ஆம் நாள் அந்தமான் தீவுகள் அவர்கள் வசமாயின. ஏப்ரல் 5-ஆம் நாள் கொழும்பின் மீதும், மறுநாள் விசாகப்பட்டினம், காக்கிநாடா ஆகிய துறைமுகங்களின் மீதும், 9-ஆம் நாள் திருகோணமலையின் மீதும் குண்டுகள் விழுந்தன.

அடுத்தது சென்னைதான் என்று மக்கள் நடுங்கினர். அரசு அலுவலகங்கள் பல உள்நாட்டு ஊர்களுக்கு மாற்றப்பட்டன. நகரில் இருந்தாக வேண்டிய தேவையில்லாதவர்கள் வெளியேறுமாறு அறிவுறுத்தப்பட்டனர். இரயில்களில் ஏற இடமின்றி மக்கள் மாட்டு வண்டிகளிலும் கால்நடையாகவும் ஊர்களை நோக்கிச் சென்றனர். குண்டு விழுந்து கூண்டுகள் உடைந்தால் ஆபத்து நேருமென்று அஞ்சி, சென்னை மிருகக்காட்சி சாலையிலிருந்த கொடிய விலங்குகள் சுட்டுக் கொல்லப்பட்டன.

அவ்வாண்டில்தான் பழனி மலையின் மீதிருந்த பழைய மலைப்பாதையைப் பிரிட்டிஷ் இராணுவம் செப்பனிட்டது. ஜப்பானியர் கிழக்குக் கரையில் இறங்கிவிட்டால், கோடைக்கானல் வழியாக மூணாற்றுக்கும், அங்கிருந்து கொச்சித் துறைமுகத்துக்கும் சென்று கப்பலேறிவிடலாம் என்பது திட்டம். ஆட்சியிலிருந்தோர் தம் பாதுகாப்புக்கு வகுத்துக்கொண்ட வழி அது. ஜப்பானியர் தமிழ்நாட்டில் இறங்கவில்லை. அச்சாலை எந்த நோக்கத்துக்காகச் செப்பனிடப்பட்டதோ, அந்த நோக்கத்துக்குத் தேவைப்படாமலே போயிற்று.

தப்பிச் செல்ல வழியில்லாதோர்

இச்சாலையின் கதை இத்துடன் முடிந்துவிடுமாயின் அது ஒரு பொறியியல் செய்தியாகவே நின்றுவிடும். அதே காலத்தில் தப்பிச் செல்ல வழியேதும் வகுக்கப்படாதவர்களின் கதையையும் அதன் அருகில் வைத்துப் பார்க்கும்போதுதான் அதன் முழுப் பொருள் விளங்கும்.

கடல் கடந்து பிழைக்கச் சென்றவர்களைச் சபராளிகள் என்று அழைப்பது நம் வழக்கம். நாகூர், கூத்தாநல்லூர், அதிராம்பட்டினம், தொண்டி, இளையான்குடி, கீழக்கரை போன்ற ஊர்களிலிருந்து பர்மாவுக்கும் மலேயாவுக்கும் சென்ற சபராளிகள் பல்லாயிரவர். பினாங்கில் கப்பித்தான் கெலிங் பள்ளிவாசலும், இரங்கூனில் சூலியா பள்ளிவாசலும் அவர்களுடைய வாழ்வுக்கு இன்றும் சான்றாக நிற்கின்றன.

பினாங்குத் தீவின் மீது 1941 டிசம்பர் 11-ஆம் நாள் ஜப்பானிய விமானங்கள் குண்டு வீசின. அடுத்த சில நாட்களில், ஓர் இரவு நேரத்தில், தீவிலிருந்த ஐரோப்பியர் மட்டும் கப்பலேற்றப்பட்டு வெளியேறினர். அவர்களுக்குக் கீழே உழைத்த சீனரும் மலாய் மக்களும் தமிழரும் விடிந்த பின்னரே தாங்கள் கைவிடப்பட்டதை அறிந்தனர். ஊரில் ஒழுங்கைக் காக்கும் பொறுப்பை எஞ்சியிருந்தவர்களே ஏற்க வேண்டியதாயிற்று. அக்குழுவுக்குத் தலைமை தாங்கியவர் சரவணமுத்து என்னும் தமிழ்ப் பத்திரிகையாசிரியர். கோட்டைக் கொடிமரத்திலிருந்து பிரிட்டிஷ் கொடியை இறக்கியவரும் அவரே.

பர்மாவின் நிலை இதனினும் கொடியது. 1931-ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி அந்நாட்டில் பத்து இலட்சத்துக்கு மேற்பட்ட இந்தியர் வாழ்ந்தனர். போர் மூண்டதும் அவர்களுள் ஏறத்தாழ ஐந்து இலட்சம் பேர் தாயகம் நோக்கிப் புறப்பட்டனர். கப்பலில் இடம் கிடைத்தவர் சிலரே. பெரும்பாலோர் அரக்கான் மலைகளையும், மணிப்பூர்க் காடுகளையும் கால்நடையாகவே கடந்தனர். பசியும் காலராவும் மலேரியாவும் வழிநெடுக உயிர்களைக் கொண்டன. மாண்டவர் எத்தனை பேர் என்பதற்குச் சரியான கணக்கு எடுக்கப்படவே இல்லை. பல பத்தாயிரம் என்பதே ஆய்வாளர் மதிப்பீடு. ஐரோப்பியருக்கு நல்ல வழி, இந்தியருக்குத் தீய வழி என்று பாகுபாடு காட்டப்பட்டதை அக்காலத்திலேயே நம் தலைவர்கள் கண்டித்தனர். பண்டித நேருவும் அவர்களுள் ஒருவர்.

ஒருபுறம் வேண்டியிராத ஒரு சாலை, வருமுன் காக்கும் எண்ணத்தோடு மலைமேல் செப்பனிடப்பட்டது. மறுபுறம் இலட்சக்கணக்கானோர் சாலையே இல்லாத காட்டில் நடந்தனர். இரண்டும் ஒரே ஆண்டில், ஒரே ஆட்சியின்கீழ் நிகழ்ந்தன. இந்த ஒப்பீட்டைப் பதின்மூன்று வயது மாணவன் எளிதில் புரிந்துகொள்வான். ஆட்சியின் நீதியை அளப்பதற்கு இதனினும் தெளிவான அளவுகோலை எந்தப் பாடநூலும் அவனுக்குத் தராது.

பெயர் உள்ளோரும் பெயர் இல்லாரும்

தாய்லாந்து நாட்டில் காஞ்சனபுரி என்றோர் ஊர் உண்டு. சயாம் மரண ரயில் என்று தமிழர் நாவில் வழங்கும் ரயில் பாதை அவ்வழியே சென்றது. சயாமையும் பர்மாவையும் இணைக்க ஜப்பானியர் அமைத்த 415 கிலோமீட்டர் பாதை அது. 1942-ஆம் ஆண்டில் தொடங்கி 1943 அக்டோபரில் முடிக்கப்பட்டது. நேச நாட்டுப் போர்க் கைதிகள் 60,000-க்கும் மேற்பட்டோர் அதில் வேலை வாங்கப்பட்டனர். அவர்களுள் 12,000-க்கும் மேற்பட்டோர் மாண்டனர். அவர்களோடு ஆசியத் தொழிலாளர் ஏறத்தாழ இரண்டு இலட்சம் பேர் அங்கு உழைத்தனர். மலேயத் தோட்டங்களிலிருந்து கொண்டு செல்லப்பட்ட தமிழர் அவர்களுள் பெருந்தொகையினர். ஆசியத் தொழிலாளருள் மாண்டவர் ஏறத்தாழ 90,000 பேர் என்பது மதிப்பீடு.

இன்று அவ்வூரில் சிறு அருங்காட்சியகங்கள் உள்ளன. அருகிலேயே போர்க் கல்லறைத் தோட்டம் ஒன்றும் உள்ளது. ஏறத்தாழ 7,000 கல்லறைகள் வரிசை வரிசையாக அமைந்துள்ளன. பெரும்பாலானவற்றில் பெயரும், படைப்பிரிவும், மறைந்த நாளும் பொறிக்கப்பட்டுள்ளன. அந்தப் போர்வீரர்களுக்குச் செய்யப்பட்ட மரியாதை தகுதியானதே. ஆனால் நம்மவருக்கு அவ்வாறு தனித்தனிக் கல்லறை இல்லை. மாண்ட இடத்திலேயே கூட்டமாகப் புதைக்கப்பட்டும் எரிக்கப்பட்டும் மறைந்தனர். போர்க் கைதிகளின் பட்டியல் இராணுவ ஏட்டில் இருந்தது. கூலிகளின் பட்டியலைப் பேண யாரும் முனையவில்லை. கல்லில் பெயர் பொறிக்கப்படுவதற்கு முன் அது காகிதத்தில் எழுதப்பட்டிருக்க வேண்டும் அல்லவா?

போர்க்கால அருங்காட்சியகத்துக்குச் செல்லும் ஒவ்வொரு மாணவரும் இதனைக் கவனிக்கப் பழக வேண்டும். அங்கே வைக்கப்பட்டுள்ள பொருள்களைப் பார்ப்பது பாதிப் படிப்பு. அங்கே யார் இல்லை என்று கேட்பது மறுபாதி. துப்பாக்கியும் வாளும் தொப்பியும் பதக்கமும் கண்ணாடிப் பெட்டிக்குள் எளிதில் வந்து சேர்ந்துவிடும். கூலியின் கிழிந்த துணிக்கும், காட்டில் பிள்ளையைப் பறிகொடுத்த தாயின் துயரத்துக்கும் பெட்டி செய்வார் இல்லை.

செல்லும் முறை

திருமறை, பூமியில் பயணம் செய்து முன்னிருந்தோரின் முடிவைக் கண்டு சிந்திக்குமாறு மனிதரைத் திரும்பத் திரும்ப அழைக்கிறது. அண்ணல் நபி (ஸல்) அவர்கள் தபூக் பயணத்தின்போது, அழிந்துபோன சமூதுக் கூட்டத்தாரின் வாழிடமாகிய ஹிஜ்ரைக் கடக்க நேர்ந்தது. தமக்குத் தாமே தீங்கிழைத்துக் கொண்டோரின் இருப்பிடத்தில் அழுதவர்களாக அன்றி நுழையலாகாது என்று தோழர்களுக்கு அறிவுறுத்தி, அவ்விடத்தை விரைந்து கடந்தார்கள் என்று நபிமொழித் தொகுப்புகள் கூறுகின்றன. மனிதர் அழிந்த இடம் வேடிக்கை பார்க்கும் இடமன்று என்பதை இதனினும் தெளிவாக உணர்த்த இயலாது. போர்க்கால அருங்காட்சியகத்தில் கொடுமை செய்தோரின் தடயமும் இருக்கும். கொடுமைக்கு ஆளானோரின் தடயமும் இருக்கும். இரு சாராரையும் நினைத்து உள்ளே நுழைபவனுக்கு ஆரவாரம் எங்ஙனம் வரும்?

நடைமுறையில் நாம் காண்பது என்ன? ஐம்பது, அறுபது பிள்ளைகள் ஒரே நேரத்தில் ஒரு சிறு கட்டடத்துக்குள் புகுகின்றனர். முன்னிருப்போர் பெட்டிகளை மறைக்கின்றனர். பின்னிருப்போர் ஒன்றும் காணாமல் நெருக்குகின்றனர். “சீக்கிரம், சீக்கிரம், அடுத்த இடத்துக்கு நேரமாகிவிட்டது” என்று ஆசிரியர் குரல் கொடுக்கிறார். பீரங்கியின் அருகே நின்று படம் எடுத்துக்கொள்வதோடு வரலாறு முடிவடைகிறது. ஒரு பகலில் எட்டு இடங்களைக் காட்டிவிட வேண்டும் என்னும் ஆசையே இதற்குக் காரணம். எட்டு இடங்களைக் கண்ட பிள்ளைக்கு ஒன்றேனும் நினைவில் நிற்குமா என்று எவரும் கேட்பதில்லை.

சிறிய அருங்காட்சியகத்துக்குச் சிறிய கூட்டமே பொருந்தும். பதினைந்து பேர் உள்ளே இருக்கும்போது மற்றவர்கள் வெளியே அமர்ந்து ஆசிரியர் சொல்லும் கதையைக் கேட்கலாம். புறப்படுவதற்கு முன்பே வகுப்பறையில் ஒரு நிலப்படத்தை விரித்து, சிங்கப்பூர் எங்கே, இரங்கூன் எங்கே, நம் ஊர் எங்கே என்று காட்டிவிட வேண்டும். உள்ளே சென்றதும் எல்லாப் பொருள்களையும் பார்க்குமாறு ஏவாமல், ஒவ்வொரு மாணவரும் தமக்குப் பிடித்த ஒரே பொருளின் முன் ஐந்து நிமிடம் நிற்குமாறு செய்ய வேண்டும். இது யாருடையது, அவர் இதனை ஏன் வைத்திருந்தார், இது இங்கு எப்படி வந்தது என்னும் வினாக்களை அவர்கள் தமக்குள் கேட்டுக்கொள்ளட்டும். திரும்பியதும் ஒரு பக்கம் எழுதட்டும்.

ஒரே பொருள் போதுமா என்று ஐயுறுவோர் மதுரையை எண்ணிப் பார்க்கட்டும். கோடைக்கானல் செல்லும் பள்ளிகள் பல மதுரையிலும் தங்கிச் செல்கின்றன. அங்கே இராணி மங்கம்மாளின் பழைய அரண்மனையில் 1959-ஆம் ஆண்டு முதல் காந்தி நினைவு அருங்காட்சியகம் இயங்கி வருகிறது. அங்குள்ள படங்களும் எழுத்துகளும் ஏராளம். ஆயினும், அண்ணல் காந்தியடிகள் சுடப்பட்டபோது அணிந்திருந்த குருதிக்கறை படிந்த ஆடையின் முன்னே வந்ததும் சிறுவர்கள் தாமாகவே அமைதியாகிவிடுகின்றனர். அங்கே அதட்டும் குரல் தேவைப்படுவதில்லை. ஒரு முழத் துணி நூறு சொற்பொழிவுகளின் வேலையைச் செய்கிறது.

எழக்கூடிய மறுப்புகள்

‘பிஞ்சு உள்ளங்களுக்குப் போரின் கொடுமையைக் காட்டலாமா? பகையுணர்ச்சி வளராதா?’ என்று சிலர் கேட்கக்கூடும். நியாயமான கேள்வியே. பிணக் குவியலின் படங்களைச் சிறுவருக்குக் காட்ட வேண்டியதில்லை. வயதறிந்து காட்டுவது பொறுப்புடையோர் கடமை. ஆயினும், உண்மையை முழுமையாகச் சொன்னால் பகை வளராது. பாதியைச் சொல்லும்போதே பகை வளர்கிறது. மரண ரயிலில் நம்மவரை வதைத்த ஜப்பானியப் படையின் எளிய சிப்பாய்களும் 1944-ஆம் ஆண்டில் இம்பால், கோகிமாப் போர்களில் முப்பதாயிரவர் அளவில் மாண்டனர். அவர்களுள் பெரும்பாலோரைக் கொன்றது பசியும் நோயுமே. அவர்களுடைய தாய்மாரும் வீட்டு வாயிலில் காத்திருந்தவர்களே. அந்த இம்பாலிலேயே, ஜப்பானிய நிறுவனம் ஒன்றின் துணையோடு 2019-ஆம் ஆண்டில் அமைதி அருங்காட்சியகம் திறக்கப்பட்டுள்ளது. அன்று எதிரெதிரே நின்றோரின் வழித்தோன்றல்கள் இன்று ஒரே கூடத்தில் நின்று துயருற முடிகிறது என்றால், அது பகையை வளர்க்கும் இடமாகுமா?

மற்றொரு மறுப்பும் உண்டு. ‘அப்போரில் நாம் எந்தப் பக்கம்? பிள்ளைகள் கேட்டால் என்ன சொல்வது?’ என்பதே அது. இதற்கு நேர்மையான விடை ஒன்றுதான். நம்மவர் இரு பக்கமும் இருந்தனர். பிரிட்டிஷ் இந்திய இராணுவத்தில் 25 இலட்சம் பேர் பணியாற்றினர். பர்மாப் போர்க்களத்தில் கல்லறையின்றி மறைந்த நேச நாட்டுப் படையினரின் பெயர்களாக ஏறத்தாழ 27,000 பெயர்கள் இரங்கூனை அடுத்த டாக்யான் நினைவகத்தின் தூண்களில் பொறிக்கப்பட்டுள்ளன. அவர்களுள் மிகப் பலர் இந்தியர்.

எதிர்ப்பக்கத்தில் நேதாஜியின் இந்திய தேசிய இராணுவம் இருந்தது. மலேயாவின் இரப்பர் தோட்டங்களிலிருந்து தமிழ் இளைஞரும் இளம்பெண்களும் ஆயிரக்கணக்கில் அதில் சேர்ந்தனர். 1943-ஆம் ஆண்டில் நேதாஜியோடு நீர்மூழ்கிக் கப்பலில் பயணம் செய்தவர் ஐதராபாத்தைச் சேர்ந்த ஆபித் ஹசன். அவ்வாண்டு அக்டோபர் 21-ஆம் நாள் சிங்கப்பூரில் அமைந்த சுதந்திர இந்தியத் தற்காலிக அரசின் ஆலோசகர் பட்டியலில் கரீம் கனி அவர்களின் பெயரும் உண்டு. 1944 ஏப்ரல் 14-ஆம் நாள் மணிப்பூரின் மொய்ராங்கில் கொடியேற்றியவர் கர்னல் சௌகத் மாலிக். அங்கும் இன்று ஓர் அருங்காட்சியகம் இருக்கிறது. அந்தப் படையினரின் நினைவாக 1945 ஜூலையில் சிங்கப்பூரில் நேதாஜி அடிக்கல் நாட்டிய நினைவுச் சின்னத்தில் ஒற்றுமை, நம்பிக்கை, தியாகம் எனப் பொருள்படும் இத்திபாக், இத்மாத், குர்பானி என்னும் சொற்கள் பொறிக்கப்பட்டன. சில திங்களுக்குள் திரும்பி வந்த பிரிட்டிஷ் படை அதனைத் தகர்த்துவிட்டது.

ஒரே ஊரில், ஏன், ஒரே வீட்டில்கூட ஒருவர் இப்படையிலும் மற்றவர் அப்படையிலும் இருந்திருக்கக்கூடும். இருவரையும் இகழாமல், இருவருடைய நிலையையும் எண்ணிப் பார்க்கும் பக்குவத்தைப் பிள்ளைகளுக்கு ஊட்டுவதே கல்வி. ‘நல்லவர் இவர், கெட்டவர் அவர்’ என்று சொல்லிக்கொடுத்துவிட்டு நகர்வது எளிது. அவ்வாறு பழகிய பிள்ளை நாளை தன் அண்டை வீட்டானையும் அதே முறையில் எடை போடும்.

மூன்றாவது மறுப்பு, ‘தேர்வுக்கு உதவாதே’ என்பது. சிங்கப்பூரை நோக்குவோம். அந்நகரம் சரணடைந்த பிப்ரவரி 15-ஆம் நாளை ஆண்டுதோறும் பள்ளிகளில் நினைவுகூர்கின்றனர். சரண் உடன்படிக்கை கையெழுத்தான பழைய ஃபோர்டு மோட்டார் தொழிற்சாலையை அருங்காட்சியகமாக்கி மாணவர்களுக்குக் காட்டுகின்றனர். தேர்வில் முன்னிற்கும் நாடு என்று நாம் வியந்து பேசும் நாடுதான் அது. தோல்வியின் நாளைப் பிள்ளைகளுக்குச் சொல்வதால் அவர்களுடைய மதிப்பெண் குறைந்துவிட்டதாகத் தெரியவில்லை.

கோடைக்கானலில் ஓர் அறை

பெரிய கட்டடமும் பெரும் பொருளும் வேண்டுமென்று நாம் கேட்கவில்லை. கோடைக்கானலில் ஓர் அறை போதும். அதில் 1942-ஆம் ஆண்டின் நிலப்படம் ஒன்று இருக்கட்டும். கோடைக்கானலிலிருந்து கொச்சி வரையிலான வழி ஒரு நிறத்திலும், இரங்கூனிலிருந்து மணிப்பூர் வரையிலான வழி மற்றொரு நிறத்திலும் வரையப்படட்டும். அச்சாலையைச் செப்பனிடக் கல்லுடைத்த மலைவாழ் மக்களையும் கூலிகளையும் பற்றித் திரட்டக்கூடிய செய்திகளைத் திரட்டி எழுதி வைக்கட்டும். பர்மாவிலிருந்தும் மலேயாவிலிருந்தும் திரும்பியோர் இல்லங்களில் எஞ்சியுள்ள கடிதங்களும் கப்பல் சீட்டுகளும் அடையாளச் சீட்டுகளும் அங்கு இடம் பெறட்டும். ஒரு சுவரை மட்டும் பெயர்களுக்கென ஒதுக்கட்டும். காட்டில் மறைந்தோர், ரயில் பாதையில் மறைந்தோர் ஆகியோருள் யாருடைய பெயர் தெரியவருகிறதோ, அது அச்சுவரில் எழுதப்படட்டும். அது மெல்ல மெல்ல நிறையட்டும்.

நகராட்சியும் கல்வித் துறையும் வனத்துறையும் மனம் வைத்தால் இஃது அரிய காரியமன்று. இடம் கிடைக்கும்வரை பள்ளிகள் காத்திருக்கவும் வேண்டியதில்லை. பேரிஜம் செல்லும் பேருந்தில் ஆசிரியர் எழுந்து நின்று பத்து நிமிடம் இக்கதையைச் சொன்னாலே அந்தச் சாலை அருங்காட்சியகமாகிவிடும். காட்டைப் பாழாக்காமல், வனத்துறை வகுத்த எல்லைக்குள் நின்று, அப்பால் செல்லும் பாதையை ஒருமுறை நோக்கிவிட்டுத் திரும்பினாலே போதும்.

வீட்டார் செய்ய வேண்டியது

இதில் நம் இல்லங்களுக்கும் பெரும் பங்குண்டு. கூலிகளின் பட்டியலை எழுத அன்று யாரும் முனையவில்லை என்று வருந்தினோம். நம் வீட்டுப் பெட்டிகளில் கிடக்கும் பெயர்களை நாமேனும் எழுதி வைத்தோமா? தகரப் பெட்டியின் அடியில் மங்கிய புகைப்படம் ஒன்று கிடக்கும். அதிலிருப்பவர் பெயரைப் பாட்டியார் ஒருவரே அறிவார். அவரும் மறைந்துவிட்டால் அந்த முகம் யாருடையது என்று சொல்ல ஆளில்லை. பினாங்கிலிருந்து வந்த கடிதங்கள், அரபுத் தமிழில் எழுதிய கணக்கேடுகள், செல்லாமற்போன ஜப்பானியக் காலத்து நோட்டுகள் ஆகியவற்றைப் பழைய தாள் வாங்குவோனிடம் எடைக்குப் போட்ட இல்லங்கள் எத்தனையோ!

1942-ஆம் ஆண்டில் பத்து வயதுச் சிறுவராயிருந்தவர் இன்று தொண்ணூறு வயதைக் கடந்தவர். கண்ணாரக் கண்டோர் நம்மிடையே மிகச் சிலரே எஞ்சியுள்ளனர். அவர்களைச் சென்று காணச் சுற்றுலாப் பேருந்து தேவையில்லை. நுழைவுக் கட்டணமும் இல்லை. பள்ளி விடுமுறையில் பிள்ளைகள் ஒரு குறிப்பேட்டுடன் அவர்கள் அருகில் அமரட்டும். எந்த ஆண்டு சபர் போனார்கள், எந்தக் கப்பலில் போனார்கள், எவ்வழியே திரும்பினார்கள், உடன் வந்தவருள் யார் திரும்பவில்லை என்று கேட்டு எழுதட்டும். அந்தந்த ஊர் ஜமாஅத்தும் பள்ளிக்கூடமும் அக்குறிப்புகளைப் பேணிக் காக்கட்டும்.

பழனி மலையின் மேலுள்ள அச்சாலையில் இன்று வண்டிகள் ஓடுவதில்லை. அதிகாரம் உடையோர் முதலில் தமக்கு வழி வகுத்துக்கொள்வர் என்பதை அது சொல்லாமல் சொல்லிக் கொண்டிருக்கிறது. அதனைக் கேட்டு வளரும் பிள்ளைகளுள் ஒருவர் நாளை ஆட்சியராகலாம், படைத்தலைவராகலாம், ஊர்த் தலைவராகலாம். துன்பம் சூழும் நாளில் வழி வகுக்கும் பொறுப்பு அவர் கைக்கு வரும்போது, வழியற்றோரை முதலில் எண்ணும் நெஞ்சம் அவருக்கு வாய்க்குமாயின், அந்தச் சுற்றுலாவுக்குச் செலவிட்ட பொருளும் பொழுதும் வீணாகா.